ஒயிலாட்ட வாத்தியாருக்கு உதவித்தொகை

திருப்பாலைக்குடியில் ஒயிலாட்டம் சொல்லிக்கொடுக்கும் உங்கள் அப்பாவுக்கு 67 வயதாகிறது, நலவாரிய அட்டை தர மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் சேர 60 வயதுக்குள் இருக்க வேண்டும். அதை விட்டுத்தள்ளுங்கள். இயல் இசை நாடக மன்றத்தின் நலிந்த கலைஞர் நிதியுதவிக்கு எழுதிப் போடுங்கள். 58 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய்.

தாசில்தார் தரும் வருமானச் சான்று எளிது. அவர் கலைஞர்தான் என்று காட்டும் கலைச் சான்றில்தான் இழுத்தடிப்பார்கள். அப்பா பெயர் அச்சான பழைய முளைக்கொட்டுத் திருவிழா நோட்டீஸ்களைத் தேடுங்கள். உப்புக்காற்றில் நைந்து மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே நகலெடுங்கள். சலங்கை கட்டி, கையில் துணியோடு வரிசையில் முதலாவதாக அவர் நிற்கும் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், மாவட்டக் கலை மன்றம் 66 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கலை முதுமணி விருது தருகிறது. அறிவிப்பு வந்தால் அதே நகல்களோடு அதற்கும் விண்ணப்பியுங்கள்.