அழும் ஈயம்

அன்புள்ள ஐயா,

என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். தனிம வரிசை அட்டவணையின் 18 தொகுதிகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் முரண்டு பிடிக்கிறான். சரி, நாமாவது பார்ப்போம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே தொகுதியில் இருப்பவற்றுக்கு ஒரே மாதிரி குணம் என்று போட்டிருந்தது. நம் கொங்கில் கல்யாணத்துக்குக் கூட்டம், அதாவது குலம், பார்க்கிறோமே, அதேதான் என்று தோன்றியது. ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை. சோடியமும் பொட்டாசியமும் தங்களுக்குள் சேராமல் குளோரினைத் தேடிப் போகின்றன. அப்படியானால் பிறப்புதான் குணத்தை முடிவு செய்கிறது என்று அறிவியலே ஒப்புக்கொள்கிறது, இல்லையா? சித்தர்களுக்கு இது முன்பே தெரியும் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள். பையனை எப்படிப் படிக்க வைப்பது?

கே., பெருந்துறை

அன்புள்ள கே.,

சித்தர்களை விட்டுவிடுவோம், பாவம், எதற்கெடுத்தாலும் அவர்களையே இழுக்கிறோம். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், பித்தளை அண்டா கைக்கு வந்தது. உள்ளே ஈயம் தேய்ந்து அங்கங்கே மஞ்சள் தெரிந்தது. இரண்டு நாளாக அதே நினைப்பில் இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிற ஆள் இல்லை நான்.

கூட்டம் உவமையைப் படித்துச் சிரித்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோடியமும் பொட்டாசியமும் சேராது என்று உங்களுக்கு யார் சொன்னது? சரியான அளவில் கலந்தால் சாதாரண வெயிலிலேயே பாதரசம் மாதிரி ஓடும். குளோரினும் அயோடினும் ஒரே 17ஆம் தொகுதி, அவை இரண்டும் கூடி ஒரு சேர்மமே உண்டு. கூடாது என்று தடுக்க அங்கே பெரியவர்கள் யாரும் இல்லை.

உங்கள் அடுத்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. பிறப்பு குணத்தை முடிவு செய்கிறதாம், அதற்கு அறிவியல் சாட்சியாம். 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது செய்தது இதற்கு நேர் எதிர். எடைப்படி பார்த்தால் டெல்லூரியம் அயோடினுக்குப் பின்னால் வர வேண்டும். அவர் அதை முன்னால் தள்ளினார். அயோடின் நடந்துகொள்வது குளோரின், புரோமின் போல, அதனால் அங்கேதான் உட்கார வேண்டும் என்றார். நடத்தையைப் பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுத்தார். நீங்களோ இடத்தைப் பார்த்து நடத்தையைச் சொல்லக் கிளம்பிவிட்டீர்கள், அதுவும் மனுசனுக்கு! ஹைட்ரஜனை முதல் தொகுதியின் தலையில் வைத்திருக்கிறார்களே, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் உலோகம், அது வெறும் வாயு. பையனைக் கேளுங்கள், சொல்வான்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. சிலிக்கானுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, இங்கே வரப்போவதன் அணு எடை 72 இருக்கும் என்று மெண்டலீவ் எழுதி வைத்தார். 1886இல் ஜெர்மானியம் கிடைத்தது, எடை 72.6. அக்கம்பக்கத்தை வைத்து இவ்வளவு சொல்ல முடிந்தது பெரிய விஷயம்தான்.

சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம் எல்லாம் இருக்கும் அந்த 14ஆம் தொகுதியைத்தான் அமுச்சி வீட்டு வாசலில் பார்த்தேன். காங்கேயம் பக்கத்தில் ஒரு ஊர். வருசத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியைப் பற்ற வைப்பார். அண்டாவை மணல் போட்டுத் தேய்த்து நெருப்பில் காட்டி, நவச்சாரம் என்கிற உப்பைத் தூவினால் மூக்கைப் பிடுங்குகிற வெள்ளைப் புகை வரும். அதற்குள் ஈயக் குச்சியால் ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு சுற்று, கறுத்துக் கிடந்த பித்தளை நிலா மாதிரி ஆகிவிடும். இப்போது யோசித்தால், எரிந்த கரி 14ஆம் தொகுதி, தேய்த்த மணலில் இருக்கும் சிலிக்கான் 14ஆம் தொகுதி, உருகிய ஈயமும் 14. எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் நாலு எலக்ட்ரான்தான். ஆனால் ஒன்று எரிந்து காற்றோடு போனது, ஒன்று கரகரவென்று தேய்த்தது, ஒன்று வழவழவென்று ஒட்டிக்கொண்டது.

அமுச்சி அவரைச் சும்மா பூச விடமாட்டாள். முதலில் குச்சியை வாங்கி என் காதோரம் வைத்து மெதுவாக வளைப்பாள். உள்ளேயிருந்து கிறுகிறுவென்று சத்தம் வரும். "கேட்டியா கண்ணு, அழுவுது. இது நல்ல ஈயம்." வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளே படிகங்கள் புரளும், அந்தச் சத்தம்தான் அது. காரீயம் அழாது. தமிழில் இரண்டுக்குமே ஈயம் என்றுதான் பேர், வெளுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. தொகுதி எண் போட ஆள் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டார்கள். ஒன்றில் புளிக்குழம்பு கொதிக்கலாம், இன்னொன்று விஷம். காரீயம் உடம்புக்குள் போனால் கால்சியத்தின் இடத்தில் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் இரண்டாம் தொகுதி, எலும்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ஒரு வருசம் வேறு ஆள் வந்தார். குச்சியை வளைத்தாள், சத்தமே இல்லை. சுவரில் கோடு இழுத்தாள், பென்சில் மாதிரி கறுப்பாக விழுந்தது. "நல்ல ஈயந்தானுங்க ஆத்தா" என்றார் அவர். "ஈயந்தான், நான் இல்லைன்னனா? எந்த ஈயம்னு சொல்லு" என்று பிடித்துக்கொண்டாள். தெருவே கூடும்படி வசவு. அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு துருத்தியைச் சுருட்டினார். கிளம்பும்போது கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு சொம்பு கம்மங்கூழ் ஊற்றினாள், வெங்காயம் கடிக்கக் கொடுத்தாள். திட்டை மட்டும் நிறுத்தவில்லை.

பையனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவனை ஈரோட்டுக்குக் கூட்டிப் போய், பழைய பாத்திரக் கடைகளில் விசாரித்து, வெள்ளீயக் குச்சி ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலில் நீங்கள் வளையுங்கள், அவன் கேட்கட்டும். மனப்பாடம் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.