தன்னால் துடிக்கும் தசைகள்: டாக்டரிடம் கேளுங்கள்

யாங்கோனில் நீண்ட காலம் பொது மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தசைத் துடிப்பைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மாத்திரை எத்தனை போடலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. நோயாளியை நேரில் பார்க்காமல் அதைச் சொல்வது என் வழக்கமன்று.

தாக்கேத்தாவிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, பத்து நாளாக இடது கண்ணின் கீழ் இமை விட்டுவிட்டுத் துடிக்கிறது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்கிறார் என் மாமியார். எனக்கோ பயமாக இருக்கிறது.

நல்ல சேதி வந்தால் மகிழ்ச்சிதான் அம்மா; சகுனத்தைப் பற்றி அவரிடம் வாதிட வேண்டாம். கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் மெல்லிய தசைக்கு முகநரம்பின் கிளைகள் வருகின்றன. அவற்றில் ஒரு கிளை, மூளை கட்டளையிடாமலே, தன் பொறுப்பில் உள்ள சில தசை நார்களைத் தூண்டிவிடும்போது அந்தச் சிறு பகுதி மட்டும் நெளிகிறது. எதிரில் இருப்பவர் உற்றுப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். தூக்கக் குறைவு, மன உளைச்சல், தேநீர், நெடுநேரம் கைப்பேசித் திரையைப் பார்ப்பது, கண் வறட்சி ஆகியவையே வழக்கமான காரணங்கள். மின்சாரம் நின்று, விசிறி ஓடாத இரவில் வியர்த்துக்கொண்டு விழித்திருந்துவிட்டு, காலையில் வகுப்புக்குப் போகிறவருக்கு இமை துடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. சில நாள்களிலோ சில வாரங்களிலோ இது தானே அடங்கிவிடும். துடிக்கும்போது கண் முழுவதுமாக மூடிக்கொண்டாலோ, மேல் இமை தொங்கினாலோ, கண் சிவந்து நீர் வடிந்தாலோ, துடிப்பு கன்னத்துக்கும் வாய்க்கும் பரவினாலோ கண் மருத்துவரைப் பாருங்கள்.

மோல்மீனிலிருந்து ஒரு வணிகர்: நாளுக்கு ஏழெட்டுக் குவளை தேநீர் குடிக்கிறேன். அதற்கும் என் புஜத் துடிப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே சந்தேகிக்கிறேன். உடலில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளின் வேலையைக் காஃபீன் தடுப்பதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்தது இரவு பதினொன்றுக்கும் பாதி மிச்சம் இருக்கும். நம்மவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவது இரண்டு. தேநீர்க் கடை மேசையில் ஃபிளாஸ்க்கில் இலவசமாக வைக்கும் பச்சைத் தேநீரை நாம் தண்ணீராகவே நினைத்து ஊற்றி ஊற்றிக் குடிக்கிறோம். அதிலும் காஃபீன் இருக்கிறது. ஊறவைத்த தேயிலையைக் கலந்து செய்யும் லபெத் தோ என்றால் தேயிலையையே மென்று தின்கிறோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆகவே, பிற்பகலில் குடிப்பதை முதலில் விட்டு, வாரத்துக்கு ஒரு குவளையாகக் குறைத்துவாருங்கள்.

தான்லினிலிருந்து ஒரு இளைஞர்: டாக்டர் ஐயா, இரண்டு கெண்டைக்கால்களும் மாதக்கணக்கில் துடிக்கின்றன. இணையத்தில் தேடினால் இயக்க நரம்பணு நோய் என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது.

தம்பி, இன்று வந்த கேள்விகளில் அதிகமானோர் கேட்டது இதைத்தான். அந்த நோயில் துடிப்பு வருவது உண்மை. ஆனால் அந்நோயின் அடையாளம் துடிப்பன்று, பலவீனம். தசையை இயக்கும் நரம்பணு அழிவதால் தசை வலுவிழந்து மெலிகிறது, துடிப்பு அதனோடு சேர்ந்து வருகிறது. பலவீனம் எதுவும் இல்லாமல் இங்கும் அங்கும் மாறி மாறித் துடிப்பது பெரும்பாலும் தீங்கற்ற துடிப்பாகவே இருக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1993இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தீங்கற்ற துடிப்புள்ள 121 பேரை, சிலரை 2 ஆண்டும் சிலரை 32 ஆண்டு வரையிலும், தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

சோர்வுக்கும் பலவீனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட வேலையே காட்டிக்கொடுக்கும். நாம் அணிவது விரலிடுக்கில் மாட்டும் செருப்பு. நடக்கும்போது ஒரு காலில் மட்டும் அது அடிக்கடி நழுவி விழுகிறதா? குதிகாலால் நாலு எட்டு, பிறகு முன்பாதத்தால் நாலு எட்டு நடக்க முடிகிறதா? அவிழும் லுங்கியை இறுக்கிச் செருக விரல்கள் ஒத்துழைக்கின்றனவா? பேச்சு குழறுகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா? ஒரு கால் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றேனும் இருந்து, அது வாரத்துக்கு வாரம் கூடினால், நரம்பியல் மருத்துவரிடம் போய் ஊசி மூலம் தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும். எதுவும் இல்லையென்றால், ஒரு மருத்துவர் ஒருமுறை முறையாகச் சோதித்துப் பார்த்தாலே போதும். பயத்தில் நாள் முழுவதும் காலைத் தூக்கித் தூக்கி வலுவைச் சோதிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். களைத்த தசை இன்னும் அதிகமாகத் துடிக்கும், அதைக் கண்டு பயமும் கூடும். இரவில் அந்த நோயைப் பற்றி வாசிப்பதை நிறுத்துங்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சிகிச்சை அதுதான்.

பெகுவிலிருந்து ஒரு பெரியவர்: சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல், மூச்சு இழுப்பு எல்லாவற்றுக்கும் மருந்து எடுக்கிறேன். துடிப்பும் கால் குடைச்சலும் அவற்றால் வருமா?

வரலாம் ஐயா. இழுப்புக்கு உறிஞ்சும் சால்பூட்டமால் கை நடுக்கத்தைத் தரும், பொட்டாசியத்தையும் சற்றுக் குறைக்கும். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றுகின்றன. நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல் வகையைச் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இரத்தச் சோதனை கேளுங்கள்.

யாங்கோனிலிருந்து ஒரு பெண்மணி: அக்காவுக்கு ஓராண்டாக வலது கண் துடித்து, இப்போது வாயும் அந்தப் பக்கமாக இழுக்கிறது. தூக்கத்திலும் நிற்பதில்லை.

இது சாதாரண இமைத் துடிப்பன்று. மூளைத்தண்டிலிருந்து முகநரம்பு புறப்படும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய் அதை அழுத்துவதால் வரும் ஒருபக்க முக இழுப்பாக இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். தசையைத் தளர்த்த, சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் பொட்டுலினம் ஊசி நல்ல பலன் தரும். அழுத்தும் குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. தைலம் தேய்ப்பதில் பயனில்லை.

தட்டோன் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த தம்பிக்கு உடம்பெல்லாம் துடித்தது, வாயில் எச்சில் ஊறியது. குளித்ததும் சரியாகிவிட்டது. மறுபடி வந்தால் என்ன செய்வது?

காத்திருக்கவே கூடாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால், கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். முதலில் துடிப்பு, பின்னர் தளர்ச்சி, முடிவில் மூச்சுத் தசைகளும் நின்றுவிடும். கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவதும், வியர்வையும் எச்சிலும் பெருகுவதும் அடையாளங்கள். வயலை விட்டு வெளியே கொண்டுவந்து, நனைந்த உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவி, மருந்துப் புட்டியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள். அட்ரோபின் என்னும் முறிவு மருந்து மருத்துவமனையில் இருக்கிறது; நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: கண்ணயரும் நேரத்தில் கீழே விழுவதுபோல் உடம்பு தூக்கிப்போடுகிறது.

தூக்கத்தின் வாசலில் பெரும்பாலோருக்கு என்றாவது வருவது. நோயன்று.

தான்லினிலிருந்து ஒரு இல்லத்தரசி: மக்னீசியம் மாத்திரை வாங்கிப் போடலாமா?

இரத்தத்தில் குறைந்திருந்தால் போடலாம். குறையாதவருக்குத் துடிப்பு அதனால் நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பருப்பு, வேர்க்கடலை, எள், கீரை ஆகியவை அன்றாடச் சாப்பாட்டில் இருந்தால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும், மருத்துவர் சொல்லாமல், அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வெளியேற வழியில்லாமல் மக்னீசியம் உடலில் தேங்கி, தசைகளைத் தளர்த்தி இதயத்துடிப்பையும் குறைத்துவிடும்.