எடிட்டருக்கு எதற்குக் காசு?

கேள்வி: மகள் கும்பகோணத்தில் பி.சி.ஏ. முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். பைத்தான் பாடம் தொடங்கிவிட்டது. வீட்டில் அவள் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி இருக்கிறது. 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. கடையில் கேட்டால், "இதில் எடிட்டர் ஓடாது, புதிதாக வாங்குங்கள். எடிட்டருக்கு ஒரு வருட லைசென்ஸ் தனியாக 3,500 ரூபாய்" என்கிறார்கள். குறுவை நெல் போட்ட பணமே இன்னும் கணக்கில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு விவசாயி, பாபநாசம்

பதில்: அந்த 3,500 ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பைத்தான் என்ற கணினி மொழி 1991-இல் வெளிவந்த நாளிலிருந்து இலவசம்தான். அதை எழுதுவதற்கான எடிட்டர்களில் நல்லவை பலவும் இலவசம். எடிட்டர் என்பது நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, எழுதுகிற நோட்டு, அவ்வளவுதான். எழுதியதைப் புரிந்துகொண்டு இயக்குவது பைத்தான்.

மகளுக்கு நான் சொல்வது தோனி (Thonny) என்ற எடிட்டர். கிரிக்கெட் வீரர் நினைவுக்கு வந்தாலும் நல்லதுதான், பெயர் மறக்காது. எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாக நிரல் எழுதக் கற்பவர்களுக்காகவே உருவாக்கியது. பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக நிறுவ வேண்டாம். உங்கள் 4 ஜிபி கணினிக்கு இது பெரிய சுமையே இல்லை. பதிவிறக்கும்போது மட்டும் இணையம் வேண்டும், பிறகு வேண்டாம்.

இதைத்தான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. எத்தனை மூட்டை என்று கேட்டு, 40-ஆல் பெருக்கி, மொத்தக் கிலோவைச் சொல்லும் சின்ன நிரலை மகள் எழுதுகிறாள். 12 என்று தட்டுகிறாள். 480 வர வேண்டிய இடத்தில் 121212 என்று 80 இலக்கத்துக்கு ஒரு ரயில் ஓடுகிறது! பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் "எனக்கு இதெல்லாம் வராது" என்று மூடிவைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

தோனியில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'வேரியபிள்ஸ்' என்பதை டிக் செய்து வைத்திருந்தால், ஓரத்தில் ஒரு பெட்டி திறந்திருக்கும். அதில் அவள் தட்டிய 12, இரண்டு பக்கமும் மேற்கோள் குறியோடு நிற்கும். பைத்தான் அதை எண்ணாக அல்ல, எழுத்தாக வைத்திருக்கிறது. அதனால்தான் பெருக்காமல் 40 தடவை அடுக்கிவிட்டது. 'இன்ட்' (int) போட்டு எண்ணாக மாற்றியதும் மேற்கோள் குறி காணாமல் போகும், 480 வரும். எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடும். கன்ட்ரோலோடு எஃப்5, பிறகு எஃப்6 என்று தட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு வரியாக நடந்து காட்டும். முதல் பருவத்துக்கு இது போதும்.

கல்லூரியில் விஎஸ் கோடு (விஷுவல் ஸ்டுடியோ கோடு) என்ற எடிட்டரைக் கேட்டால் அதற்கும் மாறிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் தருவது, இலவசம். விஷுவல் ஸ்டுடியோ என்று ஏறக்குறைய அதே பெயரில் வேறொன்று உண்டு. அது பல ஜிபி விழுங்கும், தவறி அதை இறக்கிவிடாதீர்கள். விஎஸ் கோடுக்குப் பைத்தானைத் தனியே நிறுவ வேண்டும். பைத்தானை நிறுவும்போது வரும் முதல் திரையில், கீழே 'பாத்' என்று முடியும் ஒரு கட்டம் இருந்தால் டிக் செய்துவிடுங்கள். அதை டிக் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு பைத்தானைக் காணோம் என்று தேடுகிறவர்கள் ஏராளம். எடிட்டருக்குள் மைக்ரோசாஃப்ட் பெயரில் உள்ள பைத்தான் இணைப்பை (எக்ஸ்டென்ஷன்) சேர்க்கச் சொல்லுங்கள். ஃபைல் மெனுவில் 'ஆட்டோ சேவ்' வைத்துவிட்டால் ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் எழுதியது போகாது. அடுத்த வரியைத் தானே எழுதித் தரும் ஏஐ உதவியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். வாய்ப்பாடு படிக்கும் குழந்தை கையில் கால்குலேட்டர் கொடுப்பதில்லை அல்லவா?

பைசார்ம் நல்ல எடிட்டர்தான், ஆனால் 4 ஜிபியில் மூச்சு வாங்கும். கணினி திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தால், உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போடச் சொல்லுங்கள். செலவழிப்பதாக இருந்தால் அதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: இதே போல் எடிட்டர் லைசென்ஸ் என்று ஒரு கடையில் பணம் கட்டிவிட்டேன். இலவச மென்பொருளைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரசீதும் தரவில்லை.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நிறுவித் தந்ததற்குக் கூலி கேட்டிருந்தால் அதில் தவறில்லை. இல்லாத லைசென்ஸுக்குப் பணம் வாங்கியது வேறு விஷயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. யுபிஐ-இல் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பல கடைகள் அதிலேயே இறங்கிவரும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த நோட்ஸிலிருந்து நிரலை அப்படியே எடுத்து ஒட்டினாலும் பிழை என்கிறது. எடிட்டரை மாற்றலாமா?
– ஒரு மாணவர், மயிலாடுதுறை

பதில்: எடிட்டர்மேல் குற்றமில்லை. நோட்ஸை வேர்டில் தட்டியிருப்பார்கள். வேர்டு நேரான மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துவிடும். வளைந்த குறி பைத்தானுக்குப் புரியாது. அந்தக் குறிகளை மட்டும் அழித்துவிட்டு, எடிட்டரிலேயே மறுபடி தட்டிப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் வரித் தொடக்கத்தில் உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஒட்டும்போது அதுவும் கலைந்திருக்கும்.