மொபைல் கேம் மூலம் இளைஞர்களுக்குக் கலை, மரபில் ஆர்வம் வரவைக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மியான்மரின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். வாசிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்துதான். சில வருடங்களுக்கு முன் ஒரு வினாடி வினா செயலியில் கோயில், திருவிழா, அரசர்கள் என்று ஐம்பது கேள்வி போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது வாரமே என் அக்கா மகன் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிவிட்டான். பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பயல் கேள்வியை வாசிக்கவே இல்லை. "மூணாவதுக்கு ரெண்டாவது பொத்தான், நாலாவதுக்குக் கடைசிப் பொத்தான். அவ்வளவுதான் மாமா" என்றான். பரீட்சைக்கு வர்ணம் பூசி விளையாட்டு என்று நீட்டினால் இப்படித்தான் ஆகும்.

அவனுக்கு ஞாபகசக்தி இல்லை என்று சொல்ல முடியாது. மொபைல் லெஜண்ட்ஸ் என்ற மொபைல் சண்டை விளையாட்டில் நூற்றுக்கு மேல் வீரர்கள்; யாருக்கு எது பலம், எது பலவீனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இங்கே பையன்களுக்கு அது ஒரு பைத்தியம். 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த அதன் உலகப் போட்டியில் பர்மிய அணி இறுதியாட்டம் வரை போய் 4-3 என்று தோற்றதை இன்றைக்கும் பேசுகிறார்கள். தெரிந்துகொண்டால்தான் ஜெயிக்கலாம் என்றால் எதையும் தெரிந்துகொள்வார்கள்.

அப்புறம், நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு விளையாட்டு செய்து கொடுத்தார். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர் என்பதால் இணையமே தேவைப்படாத மாதிரி. தமிழ் எழுத்து ஒரு பக்கம், பர்மிய எழுத்து ஒரு பக்கம். ஜோடி சேர்க்க வேண்டும். தமிழ் 'ப' மேலே திறந்த பெட்டி. பர்மிய 'ப' மேலே திறந்த வட்டம். ஒலியும் ஒன்றுதான். 'ய'வும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு எழுத்துக்கும் பூர்வீகம் பிராமி என்ற பழைய எழுத்து. ஓலை கிழியாமல் இருக்கத்தான் பர்மியத்தில் எல்லாம் உருண்டது என்பார்கள். இதில் எதையும் நான் வகுப்பில் சொல்லவில்லை. ஒரு சிறுமி திடீரென்று, "சார், நம்ம ப-வை உருட்டி வச்சிருக்காங்க!" என்று கத்தினாள். அன்றைக்கு வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியவர்கள் அலாஸ்காவின் இனுபியட் மக்கள். 2014இல் வந்த 'நெவர் அலோன்' என்ற விளையாட்டு அவர்களுடைய பெரியவர்களோடு உட்கார்ந்து உருவாக்கியது. ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயலில் போகிறார்கள். எதிர்க்காற்று அடித்தால் குனிந்து தரையைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிடும். கதை சொல்லும் குரல் அவர்கள் மொழியிலேயே ஒலிக்கிறது. போகப்போகப் பெரியவர்கள் பேசும் சின்னச் சின்னப் படங்களும் திறக்கும். அந்த மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நான் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நமக்குக் கதையா இல்லை? பர்மாவின் பழைய தலைநகரான பகானில், மியின்கபா பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழ் இருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி என்ற வணிகக் குழுவின் பெயர் கொண்ட விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்திருக்கிறார். கேரளக் கரையிலிருந்து கடல் தாண்டி, ஆற்றோடு ஏறி வந்து ஒரு விளக்கு! பகான் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், பாடத்தில் வந்துவிட்டதோ என்னவோ. இந்த விளக்கு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது நண்பரும் நானும் அதைத்தான் விளையாட்டாக்கக் காகிதத்தில் வரைந்துகொண்டிருக்கிறோம். விளக்கு எரிய வேண்டும், எண்ணெய்க்குக் காசு வேண்டும், காசுக்குக் கப்பல் வர வேண்டும், பருவக்காற்று திரும்பும் வரை கப்பல் வராது. எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்தால் ஆட்டம் முடிந்ததா, அடுத்த வணிகன் வந்து திரும்ப ஏற்றலாமா என்பதில் எனக்கும் அக்கா மகனுக்கும் தினமும் சண்டை. ஏற்றலாம் என்பது அவன் கட்சி.