வாசகர் கேள்வி: வினைக்குள் அடங்கும் திசை

கேள்வி: சில ஆண்டுகளாக ஸ்பானிஷ் பயின்று வருகிறேன். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைப் பயிற்சிக்காக ஸ்பானிஷில் பெயர்க்கத் தொடங்கியபோது, ‘ரன் அவுட்’, ‘டேக் ஆஃப்’, ‘ஃபைண்ட் அவுட்’ போன்ற ஃப்ரேசல் வெர்புகள் (வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து ஒரே வினையாக நிற்பவை) வரும் இடமெல்லாம் தடுமாறி நின்றேன். அகராதியோ ஒவ்வொன்றுக்கும் பல சொற்களைத் தருகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ‘அவுட்’, ‘அப்’, ‘ஆஃப்’ ஆகிய சிறு சொற்களுக்கு ஸ்பானிஷில் இணை தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவன் எப்படி நகர்ந்தான் என்பதை ஆங்கிலம் வினையில் சொல்லி, எந்தப் பக்கம் நகர்ந்தான் என்பதை அடுத்து வரும் சிறு சொல்லிடம் விட்டுவிடுகிறது. ஸ்பானிஷில் திசை வினைக்குள்ளேயே இருக்கிறது: ‘எந்த்ரார்’ உள்ளே செல்லுதல், ‘சலிர்’ வெளியேறுதல், ‘சுபிர்’ ஏறுதல், ‘பஹார்’ இறங்குதல். மொழிகளுக்கிடையே உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்க மொழியியலாளர் லெனார்டு டால்மி 1985-இல் வெளிவந்த தம் நீண்ட கட்டுரையில் விரிவாக வகைப்படுத்தினார்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். ‘ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்’ என்பதை ஸ்பானிஷில் ‘குருசோ எல் ரியோ நதாந்தோ’ என்பார்கள். தமிழில் ‘ஆற்றை நீந்திக் கடந்தான்’. இரண்டிலும் கடத்தலே முற்றுவினை. நீந்துதல் அதற்குத் துணையாக வருகிறது. அப்படியே ‘ரேன் அவுட்’ என்பது ‘சலியோ கொர்ரியெந்தோ’, ஓடி வெளியேறினான். ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஸ்பானிஷுக்குப் போனால் பாதித் தடுமாற்றம் தீரும். அறையை விட்டு ஒருவர் சாதாரணமாக நடந்து வெளியேறியிருந்தால் ‘சலியோ’ மட்டும் போதும். நடந்ததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதே ‘ரன் அவுட்’, பால் தீர்ந்துபோனதைச் சொல்லும்போது முற்றிலும் வேறு வினையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’: ‘நாம்’ எழுவாய். ஸ்பானிஷில் ‘சே நோஸ் அகபோ லா லேச்சே’: பால்தான் எழுவாய், ‘நமக்கு’ என்பது உடன் நிற்கிறது. ‘நமக்குப் பால் தீர்ந்துவிட்டது’ என்ற நம் வாக்கியத்தின் அமைப்பும் இதுவே.

திசைப் பொருள் மங்கி, இரண்டு சொற்களும் ஒரே பொருளாக இறுகிவிட்டவற்றில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். விமானம் ‘டேக் ஆஃப்’ ஆனால் ‘தெஸ்பெகார்’. ‘பெகார்’ என்றால் ஒட்டுதல், ஆகவே இது தரையோடு இருந்த ஒட்டு விடுபடுதல். சட்டையைக் கழற்றினால் ‘கிதார்சே’. ‘ஃபைண்ட் அவுட்’ இன்னும் நுட்பமானது. ஒருவர் விசாரித்துத் தெரிந்துகொண்டால் ‘அவெரிகுவார்’. யாரோ சொல்லிச் செய்தி காதில் விழுந்தால் ‘என்தெரார்சே’. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்வதால், கதாபாத்திரம் தேடிப் போனாரா, தானாகத் தெரியவந்ததா என்பதை நீங்கள் கதையைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். அகராதி உதவாத இடம் இது.

இன்னொன்று: ஆங்கிலத்தில் ‘என்டர்’ போன்ற லத்தீன் வழிச் சொற்கள் சற்று விறைப்பாக ஒலிக்கும். ஸ்பானிஷில் ‘எந்த்ரார்’ குழந்தையும் பேசும் அன்றாடச் சொல். அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கேள்வி: திருப்பி அழைக்கிறேன் என்பதற்கு, அமெரிக்காவில் வளர்ந்த என் ஸ்பானிஷ் தோழி ‘தே யாமோ பாரா அத்ராஸ்’ என்கிறார். இது சரியா?

பதில்: அமெரிக்காவில் ஆங்கிலத்தோடு சேர்ந்து வாழும் ஸ்பானிஷில் பரவலாகக் கேட்கும் வழக்கு அது, ‘பின்னோக்கி’ எனப் பொருள்படும் ‘பாரா அத்ராஸ்’ என்பதில் ‘கால் பேக்’ என்பதன் நிழல் தெரிகிறது. பொது எழுத்து வழக்கில் ‘தெவொல்வெர் லா யமாதா’, அதாவது அழைப்பைத் திருப்பித் தருதல், என்று எழுதுங்கள். ஆனால் உங்கள் கதையில் டெக்சாஸில் வளர்ந்த ஒரு பெண் தொலைபேசியில் பேசினால், அவள் வாயில் ‘பாரா அத்ராஸ்’ அப்படியே இருக்கட்டும்.