தோளிலிருந்து சரியும் கட்டமைப்பு

கேள்வி: நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. வடிவமைப்புப் பாடத்துக்காக, உடலில் அணியக்கூடிய கட்டமைப்பு ஒன்றை மடித்த அட்டையில் உருவாக்கி வருகிறேன். சிறு மாதிரி மேசைமேல் உறுதியாக நிற்கிறது. முழு அளவில் செய்து அணிந்தால் தோளிலிருந்து சரிகிறது, கையைத் தூக்கினால் மடிப்புகள் கிழிகின்றன. அட்டையின் தடிமனைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. மாதிரியைத் தடிமன் உட்பட எல்லாப் பக்கமும் நான்கு மடங்கு பெரிதாக்கினால் எடை 64 மடங்காகும். அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 16 மடங்குதான் ஆகும். எனவே, எடை எவ்வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை முதலில் வரைந்து பாருங்கள். மலையேறுவோரின் முதுகுப்பையில் இடுப்புப் பட்டைதான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. தோள்பட்டைகள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் கட்டமைப்பும் இடுப்பெலும்பின் மேல் அமர்ந்து, முதுகெலும்பை ஒட்டி எழட்டும்.

கிழிசலுக்குக் காரணம் வேறு. உடல் அசையும் அடித்தளம். கட்டட மாணவர்கள் இதை மறந்துவிடுவது இயல்பே. அணிபவரை நிற்கவும் குனியவும் உட்காரவும் கைகளை உயர்த்தவும் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் செய்து, ஒவ்வொரு நிலையிலும் அளவெடுங்கள். அளவு மாறாத இடங்களில் மட்டும் விறைப்பான அட்டைப் பலகைகளை வைத்து, அக்குள், முதுகின் மேற்பகுதி போன்ற விரியும் இடங்களைத் துணிக்கு விட்டுவிடுங்கள். பலகைகளைத் தனித்தனியாக வெட்டித் துணியில் ஒட்டினால், துணியே கீலாகும். அவை ஒன்றையொன்று நோக்கி முழுவதும் மடிய வேண்டிய இடத்தில், பலகைத் தடிமனைப்போல் இரு மடங்கு இடைவெளியாவது தேவை.

மடிப்பு வகையையும் மாற்றிப் பார்க்கலாம். மாணவர்கள் பெரிதும் விரும்பும், இணைகர வடிவங்களாலான மியூரா மடிப்பு தட்டையாகச் சுருங்கி விரிவதில் இணையற்றது. ஆனால் அதை ஒரு திசையில் வளைத்தால் குறுக்குத் திசையில் எதிர்ப்புறமாக வளைந்து சேணம்போல் ஆகிவிடும். உருளை வடிவான உடற்பகுதியைச் சுற்ற, வைர வடிவங்களாலான யோஷிமுரா மடிப்பே இசைவாக அமையும்.

கருத்தைப் பொறுத்தவரை, இரு முன்னோடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 1931ஆம் ஆண்டு நியூயார்க் விருந்தொன்றுக்குக் கட்டடக்கலைஞர் வில்லியம் வான் ஆலன், தாம் வடிவமைத்த கிரைஸ்லர் வானளாவியைப்போல் உடுத்தி வந்தார். அது ரசிக்கத்தக்க வேடம், அவ்வளவே. ஆர்க்கிகிராம் என்ற பிரித்தானியக் கட்டடக்கலைக் குழுவின் மைக்கேல் வெப் 1960களில் முன்வைத்த 'சூட்டலூன்', உடையே விரிந்து உறைவிடமாகும் என்ற எண்ணத்தால் எனக்கு மேலானதாகப் படுகிறது. உங்கள் கட்டமைப்பும் அணிபவருக்கு நிழலோ இருக்கையோ மறைவோ ஏதேனும் ஒன்றைத் தருமா என்று கேட்டுப் பாருங்கள். பிறர் உதவியின்றி அவரே கழற்றும்படி கொக்கிகளை முன்புறம் வைக்கவும் மறவாதீர்கள்.