ராத்திரி கழனிக்குப் போகும் அப்பாவுக்கு, கடையில் கிடைக்கிற செல்லில் எரியும் சின்ன எல்இடி டார்ச் எது வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் அப்பா ஊரில் தனியாக விவசாயம் பார்க்கிறார் என்றும், சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி டார்ச் வேண்டும் என்றும், சார்ஜர் வைத்து மல்லுக்கட்டாமல் பெட்டிக்கடை செல்லிலேயே எரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். நான் வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம். எங்கள் வீட்டிலும் மும்முனை கரண்ட் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் அப்பா எழுந்து மோட்டார் கொட்டாய்க்குப் போவார். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஒற்றை ஏஏ செல்லில் எரிகிற டார்ச் வாங்குங்கள். ஏஏ என்பது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்தப் பென்சில் செல். டிவி ரிமோட்டுக்குப் போடுகிற ஒல்லி செல் (ஏஏஏ) வேண்டாம், அதில் பிடிக்கிற சக்தி ஏஏ செல்லில் பாதிகூட இல்லை.

2021 நவம்பர் மழையில் பாலாறு கரை புரண்டு ஓடியதே, அப்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்தது பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றுகிற பெரிய டார்ச். முதல் ராத்திரியே ஓய்ந்துவிட்டது, அதற்கு மேல் அதை என்ன செய்ய முடியும்? தம்பியின் பையில் விரல் நீளத்துக்கு ஒரு ஏஏ டார்ச் கிடந்தது, அதிலும் செல் தீர்ந்திருந்தது. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தை இறக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து செல்லை உருவிக் கொடுத்தார். கடிகாரம் ஏழு இருபதில் நின்றது. அந்தச் செல்லை வைத்து டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் விட்டு விட்டு எரித்துத்தான் விடியும்வரை மாட்டுக் கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏஏ தவிர வேறு டார்ச் வாங்குவதில்லை.

சரி, கடையில் எதைப் பார்ப்பது. வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், ஒரு செல் தருவதோ 1.5 வோல்ட், அதனால் ஒற்றை செல் டார்ச்சுக்குள் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட் ஒன்று இருந்தே ஆக வேண்டும். நல்ல சர்க்யூட்டாக இருந்தால் செல் இளைத்துக்கொண்டே வந்தாலும் வெளிச்சம் ரொம்ப நேரம் ஒரே மாதிரி நிற்கும். மூன்று ஒல்லி செல்லை ஒரு பிளாஸ்டிக் கூண்டில் அடுக்கிப் போடுகிற மலிவு டார்ச்சுகளில் பெரும்பாலும் இது கிடையாது, 4.5 வோல்ட்டும் ஒரு ரெசிஸ்டர் வழியாக நேராக எல்இடிக்குப் போகும், போட்டவுடன் பளிச்சென்று இருக்கும், அப்புறம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வரும். மூன்றில் ஒன்று மட்டும் முதலில் தீர்ந்தால் மற்ற இரண்டும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும், அது கசிந்து உள்ளே எல்லாம் பாழாகும். கூண்டுக் கம்பி துருப்பிடித்து நான் இரண்டு டார்ச்சைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

டார்ச் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லூமென் கணக்கில் போடுவார்கள். அட்டைப் பெட்டியில் 1000 லூமென், 2000 லூமென் என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கணக்கு சுலபம். ரீசார்ஜ் செய்கிற ஏஏ செல் 1.2 வோல்ட், சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி, பெருக்கினால் 2.4 வாட் மணி. சர்க்யூட்டில் கொஞ்சம் வீணாகும், மீதியில் ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் 100 லூமென் வெளிச்சம் சுமார் 2 மணி நேரம், 20 லூமென் என்றால் 10 மணி நேரம். எல்இடி நல்லதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வரப்பில் நடக்க 20, 30 லூமெனே போதும். நல்ல கம்பெனிகள் எஃப்எல்1 என்ற அளவீட்டு முறைப்படி எண்களைப் போடுகின்றன, அதையும் புரிந்து படிக்க வேண்டும்: எரியும் நேரம் என்பது ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் உள்ள நேரம். தூரம் என்பது ஒளி கால் லக்ஸாகக் குறைகிற இடம், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். 80 மீட்டர் என்று போட்டிருந்தால் 40 மீட்டருக்குள்தான் உங்கள் அப்பாவுக்கு எது என்னவென்று தெரியும்.

கண்டிப்பாகக் குறைந்த வெளிச்சம் ஒன்றும் நடுத்தரம் ஒன்றும் இருக்கட்டும். பளிச் பளிச்சென்று மின்னுகிற மோடு உள்ளதை வாங்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் ஒரு அழுத்து கூடுதலாக அழுத்தினால் அது வந்து கண்ணைக் கூசும், பெரியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இழுத்தால் குவிகிற ஜூம் டார்ச்சும் வேண்டாம், இழுபடுகிற இடத்தில்தான் தண்ணீரும் தூசியும் ஏறும். தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஒரு குறி இருக்கும், ஐபிஎக்ஸ்4 என்றால் மழைச் சாரல் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கிணற்று மேட்டில் புழங்குகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வெளிச்சத்தின் நிறம் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஒரு தை மாத ராத்திரி, மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை ஓரம், காய்ந்த சருகு மேல் ஒரு சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது, சருகு நிறமேதான் அதற்கும். என் கையில் இருந்தது நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம், மண், சருகு, பாம்பு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தது. பின்னால் வந்த அப்பாவின் டார்ச் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, அந்த வெளிச்சம் விழுந்த பிறகுதான் முதுகில் இருந்த வெளிர் வளையங்கள் பிரிந்து தெரிந்து நான் காலைப் பின்னால் இழுத்தேன். பெட்டியில் நிறத்தைச் சொல்கிற கெல்வின் எண் இருந்தால் 4000-லிருந்து 5000-க்குள் பாருங்கள், 6500 என்று இருந்தால் நீலம் அடிக்கும். எண் இல்லையென்றால் கடையிலேயே உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள், கை பிணம் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் வேண்டாம்.

செல் விஷயம். பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாதா துத்தநாக கார்பன் செல், எவரெடி, நிப்போ எதுவானாலும் சரி, அவசரத்துக்குப் போதும், ஆனால் அதிக வெளிச்சத்தில் சீக்கிரம் படுத்துவிடும். துத்தநாகக் குப்பிதான் அதன் எதிர்முனை, எரிய எரிய அதுவே கரையும், தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் ஒழுகும். அல்கலைன் செல் ரொம்ப நாள் வரும், அதுவும் ஒழுகும். எங்கள் வீட்டில் தினசரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் நான்கு வைத்திருக்கிறோம், சும்மா கிடந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகை, 2005-இல் எனிலூப் என்ற பிராண்டு வந்த பிறகு பரவியது. இரண்டு டார்ச்சில், இரண்டு அலமாரியில். கரண்ட் போனால் இருக்கவே இருக்கிறது கடைச் செல். டார்ச்சில் ஓய்ந்த கடைச் செல்லைக் கடிகாரத்தில் போட்டால் அங்கே இன்னும் சில மாதம் ஓடும். சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் மட்டும் எந்தச் செல்லையும் விட்டுவைக்காதீர்கள், வேலூர் வெயிலுக்கு எதுவும் தாங்காது. இன்னொன்று, 14500 என்று ஒரு லித்தியம் செல் ஏஏ அளவிலேயே வரும், அது 3.7 வோல்ட். டார்ச்சில் போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழியப் போடாதீர்கள், சர்க்யூட் கருகிவிடும். ரிமோட்டிலோ கடிகாரத்திலோ கை தவறியும் போய்விடக் கூடாது.

காட்டுப்பன்றி வருகிற கழனியாக இருந்தால், தூரத்தில் அடித்துப் பார்க்க ஒற்றை செல் போதாது. அதற்கு இரண்டு ஏஏ போடுகிற நீள டார்ச் ஒன்று தனியாக வாங்கி மோட்டார் கொட்டாயில் மாட்டிவிடுங்கள், இரண்டு டார்ச்சுக்கும் ஒரே வகை செல்தான் என்பதால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வேலூர் வந்தால் லாங் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கிக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். சுவிட்ச் வால் பக்கம் இருந்தால் கட்டை விரலால் அழுத்த வருகிறதா, ஈரக் கையில் வழுக்குகிறதா என்று அவரே பார்க்கட்டும். எங்கள் அப்பா இரண்டை வேண்டாம் என்று வைத்துவிட்டு மூன்றாவதைத்தான் எடுத்தார், வால் ஓட்டையில் அரைஞாண் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செல் மாற்றி மாற்றி இன்னமும் அதையேதான் வைத்திருக்கிறார்.